ஜி.பி.எஸ். கொடுத்த இடம்

இலங்கைப் போரின் கடைசி மாதங்களில், வன்னியில், சுதந்திரபுரம் சந்திக்குப் பக்கத்தில் 2009 ஜனவரி 23-ஆம் தேதி ஒரு பங்கர் வெட்டினார்கள். புதுக்குடியிருப்புக்கு உணவு லொறிகளோடு வந்து, திரும்பும் பாதை அடைபட்டுப்போன ஐ.நா. ஆட்களுக்கான பங்கர் அது. ஜனவரி 16-ஆம் தேதி வன்னிக்குள் போன அந்த வாகனத் தொடர் பதினோராவது. அதுவே கடைசியும். வந்தவர்களில் பெரும்பாலானோர் 21-ஆம் தேதி வெளியே போய்விட்டார்கள். இரண்டு வெளிநாட்டுப் பணியாளர்கள் மட்டும் தங்கினார்கள். உள்ளூர்ப் பணியாளர்களையும் அவர்களுடைய குடும்பங்களையும் எப்படியாவது வெளியே கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். இருவரில் ஒருவர் வங்கதேச ராணுவத்தில் கர்னலாக இருந்து ஓய்வு பெற்றவர். ஷெல் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று சத்தத்தை வைத்தே சொல்லத் தெரிந்தவர்.

அதற்கு ஓரிரு நாள் முன்புதான் அரசாங்கம் அந்த இடத்தையும் சுற்றியுள்ள 35 சதுர கிலோமீட்டரையும் பாதுகாப்பு வலயமாக அறிவித்திருந்தது. சனம் அங்கே குவிந்தது. ஐ.நா. முகாமை ஒட்டி உணவு விநியோகம் தொடங்கியது. முகாம் இருக்கும் இடத்தின் ஜி.பி.எஸ். புள்ளியை வன்னிப் படைத் தளபதிக்கு அனுப்பிவைத்தார்கள்.

24-ஆம் தேதி விடியுமுன் ஷெல் மழை. பங்கருக்குள் இடம் கிடைத்தவர்கள் இறங்கினார்கள். மற்றவர்களுக்குத் தறப்பாளுக்குக் கீழே வெறும் தரை. தெற்கே ராணுவம் நிற்கும் பக்கமிருந்து ஷெல் வருகிறது என்று கர்னல் கணித்தார். கொழும்பிலுள்ள ஐ.நா. பாதுகாப்பு அலுவலகம், வவுனியாவிலுள்ள படைத் தலைமையகம், கொழும்புக் கூட்டுப்படைத் தலைமையகம் என்று மாறி மாறித் தொலைபேசியில் அழைத்து நிறுத்தச் சொன்னார். சில தடவை ஷெல் சற்றுத் தள்ளி விழுந்தது. பிறகு மறுபடியும் பழைய இடத்துக்கே வந்தது. இரவு முழுவதும் பங்கருக்குள்ளிருந்து எஸ்.எம்.எஸ். போய்க்கொண்டிருந்தது. வெளிச்சம் வந்து அவர்கள் மேலே ஏறியபோது சுற்றிலும் உடல்கள், அதிலும் பெண்களும் குழந்தைகளும். முந்தின நாள் அந்தப் பங்கரை வெட்டிக்கொடுத்தவர்களும் அதில் கிடந்தார்கள்.

ஐ.நா. பொதுச்செயலாளர் அமைத்த நிபுணர் குழு 2011-இல் வெளியிட்ட அறிக்கை இதைப் பதிவு செய்திருக்கிறது. பாதுகாப்பு வலயத்துக்குள் ஷெல் அடிக்கவில்லை என்று இலங்கை அரசாங்கம் மறுத்தது. மக்களை வெளியே விடாமல் தடுத்ததையும், மக்கள் நடுவிலிருந்து ஆயுதங்களை இயக்கியதையும், கட்டாயமாக ஆள் பிடித்ததையும் விடுதலைப் புலிகள்மீதான குற்றங்களாக அதே அறிக்கை எழுதியிருக்கிறது. எதையும் மறைக்கத் தேவையில்லை. இங்கே எனக்கு முக்கியமாகப் படுவது ஒரே ஒரு விவரம்: தொலைபேசி போனபோது ஷெல் தள்ளி விழுந்தது. அப்படியானால் தகவல் போய்ச் சேர்ந்திருக்கிறது. எங்கே யார் இருக்கிறார்கள் என்பது தெரிந்திருக்கிறது.

போர்க்களத்துக்குள் போகும் நிவாரணப் பணியாளரின் உயிர் இன்று பெரும்பாலும் ஜி.பி.எஸ். புள்ளியை நம்பித்தான் இருக்கிறது. அந்த நம்பிக்கை கெட்டுப்போய் வெகுநாளாகிறது. கெட்டதைப் புதுப்பிக்காமல், கெட்டுவிட்டது என்று உரக்கச் சொல்லவும் செய்யாமல், அடுத்தடுத்த ஊர்களுக்கு அதையே கொடுத்து ஆட்களை அனுப்பிக்கொண்டிருக்கிறோம்.

களப்பயணம் என்றால் வெளியே இருப்பவர்களுக்குத் தெரிவது வெள்ளை லேண்ட் குரூசரும் அதன் நீளமான ஆன்டெனாவும் கொடியும்தான். அந்த வண்டி கிளம்புவதற்குச் சில நாள் முன்பே படிவம் கிளம்பிவிடும். வண்டியின் எண், நிறம், ஓட்டுநரின் பெயர், அடையாள அட்டை எண், கூடப் போகிறவர்களின் பெயர்கள், புறப்படும் நேரம், எந்த ரோடு, எந்தெந்தச் சோதனைச்சாவடி, எங்கே நிற்பார்கள், எத்தனை மணிக்குத் திரும்புவார்கள் என்று எல்லாம் அதில் இருக்கும். அலுவலகம், கோடவுன், பணியாளர் தங்கும் வீடு ஆகியவற்றின் ஜி.பி.எஸ். புள்ளிகள் தனிப் பட்டியலாகப் போகும். ஐ.நா.வின் நிவாரண ஒருங்கிணைப்பு அலுவலகம் அதை வாங்கிப் போரிடும் தரப்புகளின் தொடர்பு அதிகாரிகளிடம் சேர்க்கும். இந்த ஏற்பாட்டுக்கு டிகான்ஃப்ளிக்‌ஷன் என்று பெயர். "கிடைத்தது, குறித்துக்கொண்டோம்" என்று பதில் வந்தால் வண்டி கிளம்பும். ஒவ்வொரு சாவடியிலும் ஓட்டுநர் ரேடியோ ரூமுக்குத் தன் குறிப்பெயரைச் சொல்லி இடத்தைச் சொல்லுவார். ரேடியோ ரூமில் இருப்பவர் நேரத்தோடு பலகையில் எழுதுவார். இருட்டுமுன் திரும்ப வேண்டும் என்பது எல்லா ஊருக்கும் பொதுவான விதி.

இந்தப் படிவத்தில் "தாக்க மாட்டோம்" என்று யாரும் கையெழுத்துப் போடுவதில்லை. புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகள் பலருக்கு இது தெரியாது. "கிளியரன்ஸ் வந்துவிட்டது" என்று அலுவலகத்தில் சொல்லும்போது காப்பு வந்துவிட்டதாகவே காதில் விழும். வந்திருப்பது வாங்கிக்கொண்டதற்கான ரசீது.

இன்னொரு திரிபும் இதற்குள் நடந்திருக்கிறது. ஜெனீவா உடன்படிக்கைகளின்படி நிவாரணப் பணியாளர், தகவல் கொடுத்திருந்தாலும் கொடுக்காவிட்டாலும், தாக்கப்படக் கூடாதவர். பொதுமக்களில் ஒருவர் என்பதே அதற்குப் போதும். முன்னறிவிப்பு என்பது தவறு நடக்காமலிருக்க மேலதிகமாகச் செய்துகொண்ட வழக்கம். நாளாக ஆக அது அனுமதிச் சீட்டாக மாறிவிட்டது. சீட்டு இல்லாமல் போனவர் செத்தால் "எங்களிடம் சொல்லவில்லையே" என்கிறார்கள். சீட்டோடு போனவர் செத்தால் "தகவல் கீழே வரை போகவில்லை" என்கிறார்கள்.

2006 ஆகஸ்டில் மூதூரில் படிவம் இல்லை, புள்ளி இல்லை. அடையாளம் இருந்தது. பிரான்ஸைத் தலைமையிடமாகக் கொண்ட ஆக்‌ஷன் கோந்த்ர் லா ஃபேம் என்ற நிறுவனத்தின் உள்ளூர்ப் பணியாளர்கள் 17 பேர், சுனாமிக்குப் பிந்தைய குடிநீர், சுகாதார வேலைக்காகத் திருகோணமலையிலிருந்து அங்கே போயிருந்தார்கள். பதினாறு பேர் தமிழர், ஒருவர் முஸ்லிம். நான்கு பேர் பெண்கள். புலிகள் ஊருக்குள் புகுந்தார்கள், ராணுவம் திருப்பித் தாக்கியது, ஊர்ச்சனம் பள்ளிவாசலுக்கும் கோயிலுக்கும் அரபுக் கல்லூரிக்கும் ஓடி, பிறகு கந்தளாய்ப் பக்கம் நடக்கத் தொடங்கியது. இவர்களை அலுவலகத்திலேயே இருக்கச் சொல்லி ரேடியோவில் அறிவுறுத்தல் வந்தது. அதைக் குற்றமாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ரோட்டில் நடப்பதைவிட, ஊரே அறிந்த கட்டடத்தில், நிறுவனத்தின் பெயர் போட்ட டீ-ஷர்ட்டோடு இருப்பதுதான் பாதுகாப்பு என்று அந்தத் தொழிலில் இருந்த எல்லோரும் அன்று நம்பினார்கள்.

நடந்துபோன சனத்தில் பலர் பிழைத்தார்கள். சொன்ன இடத்தில் இருந்த பதினேழு பேரும் கொல்லப்பட்டார்கள்: பதினைந்து பேர் வளாகத்துக்குள்ளேயே, குப்புறக் கிடந்த நிலையில், கிட்டத்திலிருந்து சுடப்பட்டுக் கிடந்தார்கள், மற்ற இருவர் பக்கத்தில் ஒரு வண்டியில். உடம்பில் அந்த டீ-ஷர்ட் இருந்தது. நார்டிக் நாடுகளின் போர்நிறுத்தக் கண்காணிப்புக் குழு அதே மாதக் கடைசியில் அரச படையினரே பொறுப்பு என்று சொன்னது. அரசாங்கம் மறுத்தது. ஜனாதிபதி ஆணைக்குழு 2009-இல் ராணுவத்தைக் குற்றத்திலிருந்து விடுவித்தது. 2013-இல் அந்த நிறுவனம் தானே விசாரித்து எழுதிய அறிக்கை திரும்பவும் படையினரைச் சுட்டியது. இதுவரை யாருக்கும் தண்டனை இல்லை.

தண்டனை இல்லாமல் போனதை நாம் நீதிப் பிரச்சினையாக மட்டுமே பேசிப் பழகிவிட்டோம். களத்தில் இருப்பவருக்கு அது தொழிற்பாதுகாப்புப் பிரச்சினை. துப்பாக்கி வைத்திருப்பவர் ஒரு வண்டியைப் பார்க்கும்போது, இதைச் சுட்டால் நமக்கு என்ன ஆகும் என்ற கணக்கு அவர் மனதில் ஓடுகிறது. கொடியும் சட்டையும் ஜி.பி.எஸ். புள்ளியும் அந்தக் கணக்குக்குள் நுழைந்தால்தான் காப்பாற்றும். மூதூருக்குப் பிறகு அந்தக் கணக்கின் விடை எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. சுதந்திரபுரத்தில் பங்கர் வெட்டப்பட்டது அதற்கு இரண்டரை வருடத்துக்குப் பிறகு.

இடையில் 2008 செப்டம்பர் இருக்கிறது. அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வன்னியில் இருக்கும் நிவாரணப் பணியாளர்களின் பாதுகாப்புக்கு இனி உத்தரவாதம் தர முடியாது என்று அந்த மாதத் தொடக்கத்தில் அரசாங்கம் ஐ.நா.வுக்கு அறிவித்தது. எல்லா நிறுவனங்களும் வெளியேற வேண்டும் என்ற உத்தரவும் வந்தது. கிளிநொச்சியில் ஐ.நா. வளாகத்தின் வாசலில் சனம் கூடியது. வண்டிகளை மறித்துக்கொண்டு, போகாதீர்கள் என்று கேட்டது. சாப்பாடு வராது என்ற பயத்தைவிட, பார்ப்பதற்கு ஆள் இருக்காது என்ற பயம்தான் அவர்கள் பேச்சில் பெரிதாக இருந்தது. உள்ளே இருந்த பிரிட்டிஷ் பணியாளர் பெஞ்சமின் டிக்ஸ் பிற்பாடு அந்த நாட்களைத் திரும்பத் திரும்பப் பேசியும் எழுதியும் வந்திருக்கிறார். செப்டம்பர் 16-ஆம் தேதி வெளிநாட்டுப் பணியாளர்கள் போய்விட்டார்கள். செஞ்சிலுவைச் சங்கம் மட்டும் தங்கியது, காரிடாஸ் ஆட்களும் இருந்தார்கள்.

உள்ளூர்ப் பணியாளர்கள் கதை வேறு. வன்னியை விட்டு வெளியே வரப் புலிகளின் பாஸ் வேண்டும். குடும்பத்துக்குப் பாஸ் கிடைக்காது. மனைவி பிள்ளைகளை விட்டுவிட்டு எந்த ஓட்டுநர் வருவார்? ஐ.நா.வின் சொந்தப் பணியாளர்களே குடும்பங்களோடு உள்ளே மாட்டிக்கொண்டார்கள். நான்கு மாதம் கழித்து இரண்டு பேர் சுதந்திரபுரத்தில் தங்கியது இவர்களை மீட்கத்தான். அப்போதும் முடியவில்லை.

வெளியேறியதன் விலை ஒரு எண்ணில் தெரிந்தது. 2009 பிப்ரவரியில் உள்ளே சுமார் 70,000 பேர்தான் இருக்கிறார்கள் என்று அரசாங்கம் சொன்னது. உள்ளே இருந்த அரச அலுவலர்களே மூன்று லட்சத்துக்கு மேல் என்று எழுதினார்கள். ஏற்கப்படவில்லை. எழுபதாயிரம் என்று வைத்துக்கொண்டால் அதற்கேற்ற அரிசி, அதற்கேற்ற மருந்து அனுப்பினால் போதும். மே மாதம் போர் முடிந்து முகாம்களில் தலை எண்ணியபோது கிட்டத்தட்ட 2,90,000 பேர். செத்தவர்களை அதற்குமேல் சேர்க்க வேண்டும். கடைசிக் கட்டத்தில் 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கலாம் என்று நிபுணர் குழு கணித்தது. அந்த எண்ணும் இன்றுவரை சர்ச்சையில் இருக்கிறது. எண்ண வேண்டியவர்கள் வன்னிக்கு வெளியே, ஓமந்தைச் சோதனைச்சாவடிக்கு இந்தப் பக்கம் இருந்தார்கள்.

களப்பயணத்தின் அடிப்படை வேலை எண்ணுவதுதான். நிவாரணம் என்றதும் நமக்கு மூட்டை இறக்கும் படம் மனதில் வருகிறது. மூட்டைக்கு முன்னால் நோட்டுப்புத்தகம் வர வேண்டும். எத்தனை குடும்பம், எத்தனை கைக்குழந்தை, கிணற்றில் தண்ணீர் எத்தனை அடியில் இருக்கிறது, குழந்தையின் மேல்கை நடுவில் நாடாவைச் சுற்றினால் சிவப்பா, மஞ்சளா, பச்சையா. இதைக் கண்ணால் பார்த்து எழுதுகிறவர் இல்லாத இடத்தில், வெளியே இருப்பவர் சொல்வதே மக்கள்தொகை ஆகிவிடும்.

இதற்கு ஐ.நா.வும் துணை போனது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கொழும்பில் இருந்த ஐ.நா. அலுவலகம் வன்னியில் எஞ்சியிருந்தவர்கள் மூலம் சாவு எண்ணிக்கையைத் தினமும் திரட்டியது, சரிபார்த்தது, ஆனால் பகிரங்கமாகச் சொல்லத் தயங்கியது. அரசாங்கத்தோடு உறவு கெட்டால் உள்ளே போகும் கொஞ்ச நஞ்ச வழியும் அடைபடும் என்று பயந்தார்கள். சார்லஸ் பெட்ரி தலைமையில் ஐ.நா. நடத்திய உள்விசாரணை 2012 நவம்பரில் வெளிவந்தபோது, அது அமைப்பு முழுவதன் தோல்வி என்று எழுதியது. பேசாமல் இருந்ததால் வழி திறந்திருக்கவில்லை. வழியும் போனது, சொல்ல வேண்டியதும் சொல்லப்படாமல் போனது.

வன்னி ஆஸ்பத்திரிகளின் புள்ளிகளும் ராணுவத்திடம் இருந்தவைதான். புதுக்குடியிருப்பு ஆஸ்பத்திரி ஜனவரிக் கடைசியிலும் பிப்ரவரி முதல் நாட்களிலும் திரும்பத் திரும்ப அடிபட்டு, பிப்ரவரி 4-ஆம் தேதி நோயாளிகளோடு காலியானது. அதற்குப் பிறகு தற்காலிக ஆஸ்பத்திரிகளின் புள்ளியைக் கொடுக்கவே உள்ளே இருந்தவர்கள் பயந்தார்கள் என்று தப்பி வந்தவர்கள் சாட்சி சொல்லியிருக்கிறார்கள். காயம்பட்டவர்களையும் அவர்களோடு வந்தவர்களையுமாக ஏறத்தாழ 14,000 பேரைச் செஞ்சிலுவைச் சங்கம் கடல் வழியாக ஏற்றிப்போனது. அந்த மாதங்களில் அதன் சொந்தப் பணியாளர்கள் மூன்று பேர் உள்ளே கொல்லப்பட்டார்கள்.

வன்னியோடு இது முடிந்திருந்தால் நம் துயரமாக மட்டும் எழுதிவிட்டுப் போயிருக்கலாம்.

2015 அக்டோபர் 3-ஆம் தேதி, ஆப்கானிஸ்தானின் குண்டூஸ். எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பின் மருத்துவமனை. அதன் புள்ளியை நான்கு நாள் முன்புதான் திரும்பவும் எல்லாத் தரப்புக்கும் அனுப்பியிருந்தார்கள். அதிகாலை இரண்டு மணிக்குமேல் அமெரிக்க ஏ.சி.-130 விமானம் அதைச் சுடத் தொடங்கியது. சுட்டுக்கொண்டிருக்கும்போதே காபூலுக்கும் வாஷிங்டனுக்கும் தொலைபேசி போனது. உடனே நிற்கவில்லை. 42 பேர் இறந்தார்கள். மனிதத் தவறு என்று அமெரிக்க ராணுவம் சொல்லி, 16 பேர்மீது துறை நடவடிக்கை எடுத்தது. குற்ற வழக்கு எவர்மீதும் இல்லை. சிரியாவில் ஐ.நா. மூலம் புள்ளி கொடுத்திருந்த மருத்துவமனைகள் பல குண்டுவீச்சுக்கு ஆளாயின. இட்லிப் மாகாணத்து மருத்துவர்களில் பலர் இனி எங்கள் இடத்தைச் சொல்ல மாட்டோம் என்றார்கள். பத்து வருடத்துக்கு முன் வன்னி டாக்டர்கள் வந்து சேர்ந்த அதே முடிவு. ஒருவரை ஒருவர் அறியாதவர்கள் இவர்கள். 2020 ஜூனில் ரஷ்யா அந்த ஏற்பாட்டிலிருந்தே விலகியது.

பிறகு காஸா. 2024 ஏப்ரல் 1-ஆம் தேதி இரவு, வேர்ல்ட் சென்ட்ரல் கிச்சன் அமைப்பின் மூன்று வண்டிகள் டெய்ர் அல்-பலாவிலுள்ள கோடவுனில் கடல்வழி வந்த நூறு டன்னுக்கு மேற்பட்ட உணவை இறக்கிவிட்டுக் கடற்கரை ரோட்டில் திரும்பிக்கொண்டிருந்தன. பயணம் இஸ்ரேலிய ராணுவத்துக்கு முன்கூட்டித் தெரிவிக்கப்பட்டிருந்தது. கூரையில் அமைப்பின் சின்னம் பெரிதாக வரைந்திருந்தது. ட்ரோன் முதல் வண்டியை அடித்தது. பிழைத்தவர்கள் அடுத்த வண்டிக்கு மாறினார்கள். அதுவும் அடிபட்டது. மூன்றாவது வண்டியும். முதல் வண்டிக்கும் கடைசி வண்டிக்கும் இடையே ஏறத்தாழ இரண்டரை கிலோமீட்டர். ஏழு பேரும் இறந்தார்கள். வண்டிகளின் விவரம் தாக்கியவர்கள் வரை சரியாகப் போய்ச் சேரவில்லை என்றும், இரவில் ட்ரோன் கேமராவுக்குச் சின்னம் தெரியவில்லை என்றும் விளக்கம் வந்தது. இரண்டு அதிகாரிகள் பதவி இழந்தார்கள்.

இந்த ஏழு பேரின் பெயரும் படமும் உலகம் முழுவதும் போனது. போக வேண்டியதுதான். ஆனால் அதற்கு முந்தைய ஆறு மாதத்தில் காஸாவில் நூற்றுக்கும் மேற்பட்ட பாலஸ்தீன நிவாரணப் பணியாளர்கள் கொல்லப்பட்டிருந்தார்கள். ஏழு பேரில் ஆறு பேர் வெளிநாட்டவர் என்பதால்தான் விசாரணை அவ்வளவு விரைந்தது. உலகம் முழுவதும் கொல்லப்படும் நிவாரணப் பணியாளர்களில் மிகப் பெரும்பாலோர் அந்தந்த ஊர்க்காரர்கள்: ஓட்டுநர், நர்ஸ், கோடவுன் பொறுப்பாளர், மொழிபெயர்ப்பாளர். 2024-இல் மட்டும் 383 பேர் என்று ஐ.நா. கணக்குச் சொன்னது. அதில் 181 பேர் காஸாவில், 60 பேர் சூடானில்.

2025 மார்ச் 23-ஆம் தேதி காஸாவின் ரஃபாவில் பதினைந்து பேர் கொல்லப்பட்டார்கள்: செம்பிறைச் சங்கத்தின் ஆம்புலன்ஸ் ஊழியர்கள், மீட்புப் பணியாளர்கள், ஒரு ஐ.நா. ஊழியர். ஒரு வாரம் கழித்து மணலுக்குள் ஒரே குழியில் உடல்களைக் கண்டெடுத்தார்கள். விளக்கு இல்லாமல், முன்னறிவிப்பு இல்லாமல் சந்தேகப்படும்படி வந்த வண்டிகள் என்று இஸ்ரேலிய ராணுவம் முதலில் சொன்னது. இறந்தவர்களில் ஒருவரின் செல்போனில் வீடியோ இருந்தது. ஆம்புலன்ஸ்களின் சிவப்பு விளக்கு சுழன்றுகொண்டிருப்பது அதில் தெளிவாகத் தெரிந்தது. ராணுவம் தன் கூற்றை மாற்றிக்கொண்டது. செல்போன் கிடைக்காமல் போயிருந்தால் முதலில் சொன்னதே வரலாறு.

பாதுகாப்புச் சபை சும்மா இருக்கவில்லை. 2003 ஆகஸ்ட் 19-ஆம் தேதி பாக்தாத்தில் ஐ.நா. அலுவலகம் தகர்க்கப்பட்டு அங்கிருந்த ஐ.நா. தூதர் செர்ஜியோ வியெய்ரா டி மெல்லோ உட்பட 22 பேர் இறந்த அதே மாதம் ஒரு தீர்மானம், 2016-இல் மருத்துவமனைகளுக்காக 2286-ஆம் தீர்மானம், 2024 மே மாதம் நிவாரணப் பணியாளர்களுக்காக 2730-ஆம் தீர்மானம். கடைசித் தீர்மானத்துக்குப் பதினான்கு நாடுகள் ஆதரவு, ரஷ்யா மட்டும் ஒதுங்கிக்கொண்டது. தீர்மானம் நிறைவேறிய அந்த ஆண்டுதான் 383.

இனி நடக்கப்போவதைக் கணிக்க ஜோதிடம் வேண்டாம், அது தொடங்கிவிட்டது. நிறுவனங்கள் ஆட்களைத் தூரத்தில் வைத்துக்கொண்டு, உள்ளூர் ஒப்பந்தக்காரர் அனுப்பும் வாட்ஸாப் படத்தைப் பார்த்து வேலையை நடத்துகின்றன. இதற்கு ரிமோட் மேனேஜ்மென்ட் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஆபத்து குறையவில்லை. சம்பளமும் காப்பீடும் குறைவாக உள்ளவர் தலைக்கு அது மாறியிருக்கிறது. இன்னொரு பக்கம், நிவாரணத்தையே போரிடும் தரப்பின் நிழலில் நடத்தும் ஏற்பாடு வந்துவிட்டது. காஸாவில் ஐ.நா.வும் மற்றவர்களும் சுமார் நானூறு இடங்களில் செய்துவந்த விநியோகத்துக்குப் பதிலாக, 2025 மே மாதக் கடைசியில் நான்கு மையங்களைத் திறந்தார்கள். ஆயுதம் தாங்கிய தனியார் காவல், சுற்றிலும் ராணுவம். அந்த மே 27-இலிருந்து ஜூலை முடிவதற்குள் உணவு தேடிப் போன 1,373 பேர் கொல்லப்பட்டதாக ஐ.நா. மனித உரிமை அலுவலகம் கணக்கிட்டது. அதில் 859 பேர் இந்த மையங்களின் அருகில். மக்கள் மத்தியில் இருந்து எண்ணிக் கொடுக்கும் பணியாளரை எடுத்துவிட்டால் அந்த இடத்துக்கு என்ன வந்து உட்காரும் என்பதற்கு இதுவே உதாரணம்.

தமிழ்ப் பிள்ளைகள் பலர் இந்த வேலையில் இருக்கிறார்கள். யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் அனுபவத்தோடு போனவர்கள், லண்டனிலும் டொரொண்டோவிலும் படித்துவிட்டுச் சேர்ந்தவர்கள், தமிழ்நாட்டிலிருந்து போன நர்சுகளும் இன்ஜினியர்களும். அவர்களைப் போகாதே என்று சொல்ல இதை எழுதவில்லை. கிளிநொச்சி வாசலில் நின்றவர்கள் என்ன கேட்டார்கள் என்பது தெரிந்த பிறகு அப்படி எழுத முடியாது. ஆனால் போகுமுன் அலுவலகத்தில் சில கேள்விகளைக் கேட்டுப் பதிலை எழுத்தில் வாங்குங்கள். புள்ளி யாருக்குப் போகிறது, அது ட்ரோனை இயக்குபவர் வரை போகிறது என்பதற்குச் சான்று என்ன? கடைசியாகப் புள்ளி கொடுத்த இடம் அடிபட்டபோது நிறுவனம் என்ன செய்தது, எத்தனை நாளில் பெயர் சொல்லிப் பேசியது? வெளியேற உத்தரவு வந்தால் வண்டியில் எனக்கு இடம் இருக்கும், என் ஓட்டுநருக்கும் அவர் வீட்டாருக்கும் இருக்குமா? கடைசிக் கேள்விக்கு இழுத்துப் பதில் சொல்கிற நிறுவனம் 2008-இலிருந்து எதையும் கற்கவில்லை.

பணம் கொடுப்பவர்களுக்கும் ஒன்று உண்டு. புலம்பெயர்ந்தவர்கள் கோயிலிலும் சங்கத்திலும் திரட்டி அனுப்பும் காசு பெரும்பாலும் அரிசியாக, கூடாரமாகக் கணக்குக் காட்டப்படுகிறது. ரேடியோவுக்கும், கவச வண்டிக்கும், உள்ளூர் ஓட்டுநரின் காப்பீட்டுக்கும், சாவைப் பதிந்து வைக்கும் ஆளின் சம்பளத்துக்கும் செலவு காட்டினால் "நிர்வாகச் செலவு அதிகம்" என்று முகம் சுளிக்கிறோம். அந்தச் செலவைச் சுருக்கும்போது யார் தலையில் சுருக்குகிறோம் என்று யோசித்துவிட்டுக் கேள்வி கேட்க வேண்டும்.

வன்னியில் நடந்தது பிறகு சூடானின் டார்ஃபூரிலும் நடந்தது. எல் ஃபாஷர் நகரத்தை, சூடான் ராணுவத்தோடு போரிடும் ஆர்.எஸ்.எஃப். படை 2024 மே மாதத்திலிருந்து முற்றுகையிட்டது. எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு அந்த ஆகஸ்டில் நகர வேலையை நிறுத்தியது, அடுத்த பிப்ரவரியில் பக்கத்திலிருந்த ஸம்ஸம் முகாமை விட்டும் வந்தது. முகாமில் மிஞ்சியிருந்த கடைசிக் கிளினிக்கை ரிலீஃப் இன்டர்நேஷனல் நடத்தியது. 2025 ஏப்ரலில் ஆர்.எஸ்.எஃப். முகாமுக்குள் புகுந்தபோது அங்கே பணியாளர்கள் ஒன்பது பேர் கொல்லப்பட்டார்கள். ஜூன் 2-ஆம் தேதி இரவு, போர்ட் சூடானிலிருந்து 1,800 கிலோமீட்டர் ஓடி வந்த ஐ.நா.வின் 15 லொறிகள் எல் ஃபாஷருக்கு 80 கிலோமீட்டர் முன்னால் அல் கூமா என்ற ஊரில் நின்றன. மேலே போவதற்கு அனுமதி பேசிக்கொண்டிருந்தார்கள். எந்த ரோட்டில் வருகிறோம், எங்கே நிற்கிறோம் என்பது எல்லாத் தரப்புக்கும் முன்பே அறிவிக்கப்பட்டிருந்தது. லொறிகள் தாக்கப்பட்டன. ஐந்து பேர் இறந்தார்கள்.

அக்டோபர் 26-ஆம் தேதி நகரம் விழுந்தது. உள்ளே 2,60,000 பேர் இருப்பதாக ஐ.நா. அதுவரை சொல்லிவந்தது. அறுபது கிலோமீட்டர் தள்ளி தவிலா என்ற இடத்தில் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு முகாம் போட்டு, நகரத்திலிருந்து வருகிறவர்களுக்காகக் காத்திருந்தது. தண்ணீர் டேங்கும் கட்டுப் போடும் மேசையும் தயாராக இருந்தன. வருகிறவர்களைப் பாதையோரத்தில் நின்று எண்ணினார்கள். முதல் மூன்று நான்கு நாளில் வந்து சேர்ந்தவர்கள் ஐயாயிரத்துச் சொச்சம் பேர்.